மழைப்பெட்டிக்குக் காவல்

மழைப்பெட்டி மறுபடியும் செத்துப்போய்விட்டது என்று அம்மா றீட்டா தொலைபேசியில் சொன்னபோது, அவள் குரலில் கவலையைவிடக் குறைதான் தூக்கலாக இருந்தது. ஆகாத மருமகளைப் பற்றி மாமியார் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“நீ வந்து நிக்கிறப்ப ஒழுங்கா இருக்கு புள்ள. நீ பஸ் ஏறி அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் செத்துப்போவுது. ஒன்னையக் கண்டா மட்டும் நல்ல புள்ளையா நடிக்குது.”

லக்ஷிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்தப் பெட்டியோடு பேசுகிற செயலியை எழுதியவள் அவள்தான். பண்டாரவளைச் சந்தைக்குப் பின்னால் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கி, கொழும்பில் உள்ள ஒரு சின்னக் கம்பனிக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். மண்சரிவுப் பயமுள்ள இடங்களுக்கு மழை எச்சரிக்கைக் கருவி செய்து கொடுப்பதாக ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்திடம் அந்தக் கம்பனி வேலை எடுத்திருந்தது. முதல் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று முதலாளி முன்ஸிப் கேட்டபோது லக்ஷிகா யோசிக்கவே இல்லை. ஹாலிஎலவுக்கு மேலே, கருங்கல்மலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், தான் பிறந்த லயத்து வரிசை வீடுகளில் வைக்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

லயத்துக்குப் பின்னால் மானாப்புல் மண்டிய சரிவு. அதன் உச்சியில் கம்பம் நட்டு, பால்மா டின் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பூட்டினார்கள். விழுகிற மழையை அது அளக்கும். லயத்தின் கடைசிக் காம்பரா றீட்டாவுடையது. அந்த வீட்டு அலமாரியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், ஒரு மலிவான கைத்தொலைபேசியை வைத்து அதில் ஒரு குட்டி ஏரியலைச் செருகினார்கள். பெட்டி கம்பியில்லாமலே மழை அளவைத் தொலைபேசிக்குச் சொல்லும். அளவு எல்லை தாண்டினால், தொலைபேசியில் உள்ள செயலி கூரையில் கட்டியிருக்கிற சைரனை ஊதும். சைரன் ஊதினால் எல்லோரும் எழுந்து கீழே ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

பெட்டி வருவதற்கு முன்பு இந்த லயத்தில் மழைமுறை என்று ஒன்று இருந்தது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு முறை வரும். முறைக்காரர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பின்பக்கத்து வடிகானில் ஓடும் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கலங்கினாலோ, கொட்டுகிற மழையில் திடீரென்று நின்றுபோனாலோ, ஒரு பெரிய தகரத்தைத் தட்டி லயத்தை எழுப்ப வேண்டும். கண்விழித்த களைப்போடு விடிந்ததும் கொழுந்து பறிக்க மலைக்கும் போக வேண்டும். யாருக்கும் பிடிக்காத முறை. ஆனாலும் ஒருவரும் விட்டதில்லை.

சைரன் வந்த மறுவாரமே முறை நின்றுபோனது. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை. பாக்கியநாதன் மகள் லக்ஷிகா படித்துச் செய்த பெட்டி இருக்கும்போது நாம் எதற்கு முழித்திருப்பது என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக நினைத்தது. நிம்மதியாகப் படுத்தார்கள். தகரத்தை லயத்துக் கருப்பம்மா எடுத்துக்கொண்டுபோய்த் தன் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டாள்.

அதுதான் லக்ஷிகாவைப் பயமுறுத்தியது. பெட்டி இல்லாத காலத்தில் லயத்துக்கு ஒரு காவல் இருந்தது. இப்போது காவல் இருக்கிறது என்கிற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. செயலி சத்தம் போட்டுக்கொண்டு சாகவில்லை. றீட்டா மாதா படத்துக்குப் பூ வைக்கும்போது எட்டிப் பார்த்தால், திரையில் பச்சை விளக்கு இருக்காது. எப்போது அணைந்ததென்று யாருக்கும் தெரியாது. திரும்பத் தொட்டால் எழுந்துகொள்ளும்.

அன்று மாலையே கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் றீட்டா கோதுமை மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, அடுப்படியில் ஒரு தினுசாக உட்கார்ந்திருந்தாள். நீட்டியிருந்த காலின் முழங்கால் வீங்கி மினுங்கியது. லக்ஷிகா அதைப் பார்த்தாள். பார்த்ததை றீட்டாவும் பார்த்தாள். பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு, சம்பலுக்குத் தேங்காய் காணாது என்று வேறு பேச்செடுத்தாள். அப்பா பாக்கியநாதன் இஸ்தோப்பில் பிளேன்டீயும் கையுமாக இருந்தார். தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு வேலை ஒரு ஆடும், கொஞ்சம் பீன்ஸ் கொடியும், ஊர் நியாயமும்.

தொலைபேசியைக் கணினியோடு கம்பியால் இணைத்து, ராச்சாப்பாடு வரைக்கும் ஓடவிட்டுப் பார்த்தாள். மறுநாள் பகல் முழுக்கப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பாக்கியநாதன் மேலே ஏறிச் செம்பால் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றினார்; சைரன் லயமே அதிர ஊதியது; பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இந்த மாதிரிக் கோளாறை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள், பட்டதில்லை. ஒரு செயலிக்கு இரண்டு உருவம் உண்டு. எழுதுகிறவர்கள் பக்கத்தில் வைத்து நோட்டம் பார்க்கிற உருவத்துக்கு டிபக் என்று பேர். ஊருக்குக் கொடுக்கிற உருவத்துக்கு ரிலீஸ் என்று பேர்; அது வேகமாக ஓடும், கொஞ்ச இடத்தில் அடங்கும், வேண்டாதது என்று பட்டதையெல்லாம் கழித்துவிடும். இரண்டும் ஒரே எழுத்திலிருந்து பிறந்தவைதான். ஆனால் அவள் கம்பியைச் செருகிப் பார்க்கிறதெல்லாம் டிபக். அவள் போன பிறகு வீட்டில் கிடக்கிறது ரிலீஸ். சாகிறது ரிலீஸ் மட்டும்தான். அதுவும் அவளுடைய நல்ல தொலைபேசியில் சாகாது. ஞாபகத்துக்கு இடம் குறைந்த இந்த மலிவுத் தொலைபேசியில்தான் சாகும்.

அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த முயன்றாள். அவர் பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, தோட்டத்தை நடத்துகிற பெரியதுரை லயம் பார்க்க வருகிற நாளில் கானெல்லாம் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வைப்பார்களே, அது மாதிரியா என்று கேட்டார். அது மாதிரித்தான் என்றாள் லக்ஷிகா. பிறகென்ன, துரை வராத நாளில் வந்து பார் என்றார் அவர்.

வராத நாளில் வந்து பார்ப்பது எப்படி? செத்த பிறகு ரிலீஸ் விட்டுப்போகிற குறிப்பைத் திறந்தால், அதில் நிரலின் எந்தப் பகுதிக்கும் பேரே இல்லை. இடம் மிச்சம் என்று பேரையெல்லாம் உரித்துவிட்டு வெறும் இலக்கங்களை வைத்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பேரோடு பொருத்திப் பார்த்ததில் ஒன்று மட்டும் தெரிந்தது: பெட்டி மழை அளவைச் சொல்லக் கூப்பிடுகிற அந்த நொடியில்தான் சாகிறது. ஏன் என்று தெரியவில்லை. சரி, நேரடியாகக் கேட்டுவிடுவோம் என்று, மழைச் செய்தியை வாங்குகிற பகுதி உயிரோடு இருக்கிறதா என்று எழுதிக் காட்டும்படி, நிரலின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்து, ரிலீஸாகவே கட்டிப் போட்டாள்.

அதற்குப் பிறகு அது சாகவில்லை.

அந்த வரியை எடுத்தாள், அந்திக்குள் செத்தது. சேர்த்தாள், இருந்தது. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் இறங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன மருந்து கொடுப்பது? லக்ஷிகாவுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

முன்ஸிப்புக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னபோது, ஒரு வரியில் பெட்டி ஓடுகிறதே என்று அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உதவி நிறுவனத்து ஆட்கள் அடுத்த வாரம் இந்த லயத்தைப் பார்க்க வருகிறார்கள். நல்லபடியாகப் போனால் ஊவா மாகாணம் முழுக்கப் பெட்டி வைக்கிற வேலை கைக்கு வரும். இல்லாவிட்டால் கம்பனியை இழுத்து மூட வேண்டியதுதான். அவர் கெட்ட மனிதர் அல்ல. லக்ஷிகாவைப் பெண்பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்றெல்லாம் பாராமல் எடுத்து வேலை கொடுத்தவர். அதனால்தான் அவரோடு வாதாடுவது கஷ்டமாக இருந்தது.

“அந்த வரிய அப்பிடியே உடுங்க லக்ஷிகா. ஓடுதுதானே? ஓடுறதப் போட்டு ஏன் நோண்டுறீங்க?”

“ஏன் ஓடுதுன்னு தெரியல சேர். தெரியாம ஓடுறது தெரியாமலே நின்னுரும்.”

“வந்திட்டுப் போற ஆக்கள் போகட்டும். பிறகு ஆறுதலாப் பாருங்க. அதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் ஒண்டும் சொல்லவாணாம்.”

அவள் சரி என்று சொல்லாமலே தொலைபேசியை வைத்தாள். வெளியே வந்து பார்த்தால் நமுனுகலை மலைப் பக்கம் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. கருப்பம்மா வீட்டில் பேரக்குழந்தைக்குத் தாலாட்டு நடந்தது. எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள், என்னை நம்பி அணைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம், அது பூசணிக்காய்தானே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பீலியடியில் ஆட்கள் தண்ணீருக்குக் கூடியிருந்தபோது சொல்லிவிட்டாள். பெட்டியை நம்ப வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகிறது, ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, பிடிபடுகிற வரைக்கும் பழையபடி மழைமுறை போடுங்கள் என்றாள்.

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பது சும்மாவா. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை நாளாகச் செத்த பெட்டியை நம்பியா பிள்ளைகளோடு படுத்துக் கிடந்தோம் என்று ஒருத்தி கேட்டாள். படம் பிடித்துப் போடத்தான் நம் லயம் வேண்டியிருந்தது என்றான் ஒருவன். கருப்பம்மாவுக்குத் தன் கோழிக்கூட்டுக் கூரை போகப்போகிற ஆத்திரம் வேறு. கடைசியில் தலைவர் கிருஷ்ணராஜ்தான் கையை உயர்த்தினார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், அதிகம் பேசாதவர்.

“மறைச்சிருந்தா ஒன்னைய இந்தப் பக்கமே வர உட்டிருக்க மாட்டேன். சொல்லிட்ட. சரி. முறை கடைசிக் காம்பராவுல இருந்து தொடங்கட்டும்.”

கடைசிக் காம்பரா என்றால் றீட்டா வீடு. தண்டனையும் நியாயமும் ஒன்றாக வந்து விழுந்தன. வீட்டுக்குள் வந்த றீட்டா மகளோடு பேசவில்லை. ஊர் முன்னால் தலை குனிய வைத்துவிட்டாயே என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, தகரத்தைக் கழுவி இஸ்தோப்புக் கூரை வளையில் தொங்கவிட்டாள். அன்றைய முறையைப் பாக்கியநாதன் பார்த்தார்.

முன்ஸிப்புக்குச் செய்தி போனபோது அவர் கோபித்தார் என்று சொல்ல முடியாது. இனி நான் வருகிறவர்களிடம் என்ன சொல்ல என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்றாள் லக்ஷிகா. சொல்வது லேசு என்றார் அவர்.

திங்கட்கிழமை விடியலில் அடுப்புச் சத்தம் கேட்டு எழுந்து வந்தபோது, றீட்டா மலைக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து நிமிர்கையில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலியில் உதட்டைக் கடித்த முகத்தை லக்ஷிகா கண்டுவிட்டாள்.

“இன்னைக்கு ஒரு நாளு நில்லும்மா. காலப் பாரு, பூசணி மாதிரி.”

“போன வாரம் நின்னதே கூடிப்போச்சி. இன்னும் நின்னா கங்காணி பேர வெட்டச் சொல்லிருவாரு.”

“வெட்டட்டும். நான் ஒழைக்கிறேன்தானே. வயசும் வந்திருச்சி. பேசாம வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டு எங்கூட பண்டாரவளைக்கு வா.”

றீட்டா கூடையைக் கையில் எடுத்தவள் கீழே வைத்தாள். நேற்றிலிருந்து பேசாமல் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

“நீ ஒழைக்கிற, சரி. அப்பா இருக்காரு. ஒங்கண்ணன் பொண்டாட்டி சாமானெல்லாம் இங்கனதான் கெடக்கு. நத்தார் பெருநாளுக்கு எல்லாரும் இங்கதான் வர்றீங்க. ஆனா தோட்டத்து ஆபீசுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். எம் பேரு வேலைக்காரங்க செக்ரோல் பொஸ்தகத்துல இருந்தாத்தான் இது வீடு. பேரு போச்சின்னா, உள்ள நீங்க சோறு தின்னுக்கிட்டு இருந்தாலும் இது காலி வீடுதான். பொன்னையா மாமாவுக்கு நடந்தது மறந்துபோச்சா ஒனக்கு?”

மறக்கவில்லை. அந்தக் கதையை லயத்தில் யாரும் மறக்க முடியாது. பொன்னையாவின் மனைவி பேரில் இருந்த காம்பரா அது. அவள் செத்தாள், பேரை வெட்டினார்கள், வேறு பேர் பதிய ஆளில்லை, மகன்மார் கொழும்பில் கடை வேலை. பொன்னையா கண்ணில் புரை வெட்டிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த சமயம், காலி வீடு என்று ஆபீஸ் அதை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. மகனுக்கு இது தெரியாது. கொழும்பிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கி, வழக்கம்போல் தன் வீடு என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அடுப்பில் வேற்றாள் பானை கொதித்துக்கொண்டிருந்தது. கள்ளன் என்று கூச்சல் கிளம்பி, மண்டை உடைந்து, பொலிஸ் வரைக்கும் போனது. இரண்டு பக்கத்திலும் குற்றம் இல்லை. அவன் தனக்குத் தெரிந்த வாசலுக்குத்தான் வந்தான்.

றீட்டா கூடையைத் தூக்கிக்கொண்டு, படிக்கட்டை ஒவ்வொன்றாக, பக்கவாட்டில் காலை வைத்து வைத்து இறங்கினாள். லக்ஷிகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணில் இருந்து மறைந்த பிறகும் அப்படியே நின்றாள். பேர் போனால் காலி வீடு. வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. அவன் பழைய வாசலுக்கே வருவான்.

அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிந்தது. அவள் அதை இறக்கி வைக்கவும் மறந்து கணினியைத் திறந்தாள்.

செயலி தொடங்கும்போது, மழைச் செய்தியை வாங்குகிற ஒரு பகுதியை அவள் உண்டாக்கியிருந்தாள். மழை வந்தால் இங்கே கூப்பிடு என்று அதன் வாசலை ஏரியலுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஏரியலோடு பேசுகிற நிரல் இன்னொரு கம்பனி எழுதியது, வெளியாள். சொல்லிக் கொடுத்த பிறகு அந்தப் பகுதியின் பேரை அவள் எங்கேயும் மறுபடி எடுக்கவில்லை. டிபக்கில் அதனால் மோசமில்லை. எழுதியவள் எந்த நேரமும் வந்து, அது எங்கே என்று கேட்கலாம் என்பதால், வேலை முடிகிற வரைக்கும் டிபக் எதையும் வெளியே தள்ளாது. துரை வருகிற நாள். ரிலீஸில் கேட்க ஒருவரும் வரப்போவதில்லை. இடம் குறைந்தவுடன், இனிமேல் யார் பேர் தேவைப்படாதோ அதைக் காலி என்று எடுத்து, அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். பெட்டிக்கு அது தெரியாது. மழை பெய்ததும் பழைய வாசலைத் தட்டும். உள்ளே வேற்றாள் பானை. அங்கே விழுந்து சாகிறது.

அவள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரி என்ன செய்தது என்றும் இப்போது தெரிந்தது. அது ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கடைசி வரைக்கும் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பேர் இருந்ததால் வீடு இருந்தது. முன்ஸிப் சொன்னபடி விட்டிருந்தால் ஓடியிருக்கும்; என்றைக்காவது ஒருவர் வேண்டாத வரி என்று துப்புரவாக்கும் வரைக்கும்.

செயலி உயிரோடு இருக்கும் வரை தானும் இருக்கிற இடத்தில் அந்தப் பகுதியின் பேரைப் பதிந்து வைத்தாள். சின்னத் திருத்தம். அதன் தலைக்கு மேலே, ஓடாத, மனிதருக்கு மட்டுமான குறிப்பாக, தமிழிலேயே எழுதினாள்: இதை இங்கே யாரும் பயன்படுத்துவதாகத் தெரியாது. எடுக்க வேண்டாம். வெளியே ஒருவர் இதை நம்பிக் கூப்பிடுவார்.

சந்தோஷப்பட வேண்டியவள், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு பேரைப் பிடித்து வைக்க அவளுக்கு ஒரு வரி போதும். அம்மாவுக்கு முழங்கால் வேண்டியிருக்கிறது.

திருத்தியதை ரிலீஸாகக் கட்டித் தொலைபேசியில் போட்டுவிட்டு, இந்த முறை கம்பியைச் செருகவில்லை. அதைச் சோதிக்கிற வேலையை அப்பாவுக்குக் கொடுத்தாள். ஞாபகத்துக்கு இடமில்லாமல் தொலைபேசியைத் திணறடிக்க வேண்டும். அதிலேயே பழைய படமெல்லாம் போட்டுப் பாருங்கள் என்றாள். பாக்கியநாதன் வாழ்நாளில் இத்தனை மனதோடு செய்த வேலை வேறில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் சண்டைக்காட்சிகள் ஓடின. அவர் படம் பார்க்க, கிருஷ்ணராஜ் அடிக்கடி மேலே ஏறிப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். சொல்லாமல் ஊற்றினார். ஊற்றிய ஒவ்வொரு தடவையும் சைரன் ஊதியது. பச்சை விளக்கு அணையவே இல்லை.

ஆனாலும் மழைமுறை நிற்கவில்லை. பெட்டி சரியாகிவிட்டதே, இனி முறை எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, ஒரு தடவை சரியாகிவிட்டது என்று நினைத்துத்தான் படுத்தோம் என்றார் கிருஷ்ணராஜ். லக்ஷிகாவுக்கு அது சுருக்கென்று பட்டது. நியாயமாகவும் பட்டது. முன்ஸிப்பிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் அதை இரண்டு தடவை சொல்லக் கேட்டார். வருகிற ஆட்களுக்கு இதையே சொல்வோம், பெட்டியும் முறையும் சேர்ந்துதான் காவல் என்று சொல்வோம் என்றார். வியாபாரி வியாபாரிதான் என்று லக்ஷிகா சிரித்துக்கொண்டாள்.

வருகிறவர்கள் வருவதற்கு முன் மழை வந்தது. காலையிலிருந்தே வெயில் முகத்தில் அடித்தது. மத்தியானம் தாண்டியதும் மலை இருண்டு, பத்து அடி தூரத்தில் ஆள் தெரியாமல் கொட்டத் தொடங்கியது. மின்னலுக்குப் பயந்து மலையிலிருந்து பெண்களை நேரத்தோடு இறக்கிவிட்டார்கள். றீட்டா நனைந்து வந்து அடுப்படியில் காலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கருப்பம்மாவின் முறை. நனைகிற கோழிகளைத் திட்டிக்கொண்டே கானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. அவள் தகரத்தைத் தட்டினாள். சைரனும் ஊதியது.

தகரம் முதலா சைரன் முதலா என்கிற வழக்கு அந்த லயத்தில் இன்னும் தீரவில்லை. கருப்பம்மா தகரம் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வாள். எது முதலாக இருந்தாலும் எல்லோரும் கிளம்பினார்கள். சோற்றுப் பானையோடு சிலர், பிறப்புச் சான்றிதழ் பையோடு சிலர், கோழியோடு கருப்பம்மா. லக்ஷிகா அம்மாவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறக்கினாள். பள்ளிக்கூட வாசலில் தலைகளைப் பார்த்தபோது அப்பாவைக் காணவில்லை.

கிருஷ்ணராஜ் மேலே ஓடத் திரும்பியபோது, மழைக்குள்ளிருந்து பாக்கியநாதன் வந்தார். ஒரு கையில் ஆட்டுக் கயிறு. மறு கையில், ஷொப்பிங் பையில் சுற்றிய தொலைபேசி. றீட்டா அவரை ஏசிய ஏச்சு மழையையும் தாண்டிக் கேட்டது.

“ஆட்டுக்கா போனீங்க, உயிர உட்டுட்டு?”

“ஆடு வழியில நின்னிச்சி. நான் இதுக்குத்தான் போனேன். புள்ள பாடுபட்டுச் செஞ்சது.”

பையைப் பிரித்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செயலி இன்னும் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. லக்ஷிகா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மழை அளவு வருவது நின்றது. செயலி சாகவில்லை. விளக்கு அப்படியே இருந்தது. மேலே கூப்பிடத்தான் பெட்டி இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. லொறி நிறையக் கல்லை ஒரேயடியாகக் கொட்டுகிற சத்தம்.

மழை விட்டபின் கிருஷ்ணராஜும் சிலரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மற்றக் காம்பராக்களுக்குள் சேறு புகுந்திருந்தது. கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் சரிவு இருந்தது. மாதா படம் என்று ஒரு தடவை சொன்னாள் றீட்டா. பிறகு, யாருக்கும் உயிருக்கு மோசமில்லையே என்று கேட்டாள். இல்லை என்றதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வகுப்பறையில் உட்காரும் வாங்குகளை ஒதுக்கிப் படுத்தார்கள். விடியும்போது லக்ஷிகா கண்ணைத் திறந்தால், பக்கத்தில் பாய் காலியாக இருந்தது. றீட்டா வாசலில், யாரிடமோ இரவல் வாங்கிய படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போற?”

“பெரட்டுக்கு. ரோட்டுல மண்ணு அள்ள ஆளு எடுக்கிறாங்களாம்.”

“வீடே இல்லம்மா.”

“அதுனாலதான் போறேன். புது வீடு குடுக்கிறப்ப பேரு இருக்கணும்.”

இந்தக் காலோடு மண் அள்ளுவாயா என்று கேட்க நினைத்தாள் லக்ஷிகா. நான் இருக்கிறேனே என்று சொல்ல நினைத்தாள். எடுக்க வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதி வைத்தவள், எந்த வாயால் பேரை விடச் சொல்வாள்? எழுந்து, தலைமுடியை முடிந்துகொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கத்தில் பாதி ஆட்கள்கூட இல்லை. கங்காணி குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்தார். கீழ்ப்பிரிவுப் பேர்கள் வந்ததும் அவர் குரல் தயங்கியது. கடைசிக் காம்பராவுக்கு என்ன ஆனதென்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் முறைப்படி கூப்பிட்டார்.

“றீட்டா.”

“இருக்கேங்க” என்றாள் றீட்டா.